தளம் பார்க்க வருபவருக்கு இருபது நிமிட விளக்கம் தேவையா?

வாசகர் கேள்வி – 2025 பிப்ரவரி 9

பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், ஒன்பதாவது மாடியில் வீடு பதிவு செய்திருக்கிறோம். இன்று குடும்பத்தோடு பார்க்கப் போனோம். வாசலிலேயே நிறுத்தி, ஒரு தகரக் கொட்டகையில் உட்கார வைத்து, இருபது நிமிடம் ஆங்கிலத்தில் படம் காட்டினார்கள். என் தாயாருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. பிறகு ஆளுக்கொரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். வீட்டைப் பார்த்தது பத்தே நிமிடம். இந்த விளக்கம் எங்கள் பாதுகாப்புக்காகவா, அல்லது நாளை ஏதாவது நடந்தால் அவர்கள் தங்களைக் காத்துக்கொள்வதற்காகவா? என்னைக் கேட்டால் இது வெறும் சடங்கு.

2025 பிப்ரவரி 10

சடங்கு அல்ல. சென்னையைச் சுற்றியுள்ள கட்டுமானத் தளங்களில் பல ஆண்டுகளாகப் பாதுகாப்பு அலுவலராக வேலை செய்பவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். தளத்தில் இருப்பவர்களிலேயே ஆபத்துக்கு மிக அருகில் நிற்பவர், பார்க்க வந்தவர்தான். சாரத்தின் மேல் நின்று பூசும் கொத்தனாருக்குத் தன் காலடியில் உள்ள பலகைகளில் எது நேற்று மாற்றப்பட்டது என்பது தெரியும். பின்னோக்கி வரும் மிக்சர் லாரியின் எச்சரிக்கை ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைக் கம்பி கட்டுபவர் தலையைத் திருப்பாமலே சொல்லிவிடுவார். புதிதாக வந்தவருக்கோ எல்லாமே ஒரே இரைச்சல். தம் வீட்டின் பால்கனி எது என்று அவர் கண் மேலே தேடிக்கொண்டிருக்கும். கால் எங்கே போகிறது என்பதை அவர் பார்ப்பதில்லை.

ஒரு கணக்கு. பத்தாவது மாடி ஏறத்தாழ 30 மீட்டர் உயரம். அங்கிருந்து கைநழுவிய ஒரு போல்ட் தரைக்கு வந்து சேர நான்கு விநாடி ஆகும். அதற்குள் மேலே இருப்பவர் குரல் கொடுத்துவிடுவார். கீழே இருப்பவர் விலகிவிடலாம். ஆனால் அந்தக் குரலின் பொருள் தெரிந்தவரால்தான் விலக முடியும். அதைச் சொல்லித் தருவதற்குத்தான் அந்த இருபது நிமிடம்.

2025 பிப்ரவரி 10, இரவு

மேலே எழுதியதில் ஒன்று விடுபட்டுவிட்டது. உங்கள் தாயாருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நான் பதிலே சொல்லவில்லை. புரியாத மொழியில் நடந்த விளக்கம் அவரைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. இந்த ஓர் இடத்தில் உங்கள் குறை முழுவதும் நியாயமானது.

2025 பிப்ரவரி 12

ஒரு வாசகர் என் கணக்கைத் திருத்தியிருக்கிறார். அவர் சொல்வதே சரி. 30 மீட்டரிலிருந்து விழும் பொருள் தரையைத் தொட இரண்டரை விநாடிக்கும் சற்றுக் குறைவாகவே ஆகும். தொடும்போது அதன் வேகம் விநாடிக்கு 24 மீட்டர், அதாவது மணிக்கு ஏறக்குறைய 87 கிலோமீட்டர். நான்கு விநாடி என்று நான் எழுதியது தவறு.

எண்ணை மட்டும் திருத்திவிட்டு இதைக் கடந்துபோக முடியவில்லை, ஏனென்றால் அந்த எண்ணின் மேல் நான் கட்டிய வாதமும் அதோடு சரிந்துவிடுகிறது. போல்ட் நழுவியதை மேலே இருப்பவர் உணர்ந்து குரல் எழுப்புவதற்குள் ஒரு விநாடி போய்விடும். கீழே இருப்பவர் அதைக் கேட்டு, தம்மைத்தான் எச்சரிக்கிறார்கள் என்று புரிந்துகொள்வதற்குள் இன்னொரு விநாடி. மிச்சம் இருப்பது அரை விநாடி. அந்த அரை விநாடியில் மனிதர் செய்வது ஒன்றே ஒன்றுதான்: குரல் வந்த திசையில் முகத்தை நிமிர்த்துவார். தலைக்கவசம் காக்க வேண்டிய தலை பின்னுக்குச் சாய்ந்து, காப்பே இல்லாத முகம் மேலே திரும்பும்.

ஆகவே சொல்லித் தர வேண்டியது வேறு. மேலிருந்து குரல் கேட்டால் நிமிர்ந்து பார்க்காதீர்கள், தோள்களைக் குறுக்கிக்கொள்ளுங்கள், ஓர் எட்டில் கூரை இருந்தால் அதன் கீழே நுழையுங்கள். அதைவிட முக்கியமாக, பார்வையாளர் நடக்கும் வழிக்கு மேலே உறுதியான தட்டி போட்டு மூடியிருக்க வேண்டும். அப்படி மூடாத வழியில் அவரை நடத்திச் சென்றுவிட்டு, ‘குரல் கேட்டால் விலகுங்கள்’ என்று கொட்டகையில் உட்கார வைத்துச் சொல்வதில் பொருளில்லை.

2025 பிப்ரவரி 16

நான்கு நாட்களாக ஒரு பழைய நிகழ்ச்சி மனத்தைவிட்டு அகலவில்லை. எழுதிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த ஒரு குடியிருப்புத் தளத்துக்கு, ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தம் மகனுடன் வீட்டைப் பார்க்க வந்தார். ஆறாவது மாடி. கொட்டகையில் விளக்கம் கேட்டார், கையெழுத்திட்டார், தலைக்கவசம் அணிந்தார். முறைப்படி செய்ய வேண்டிய எல்லாம் செய்யப்பட்டது. வீட்டுக்குள் போனதும் சமையலறை மேடையைப் படம் எடுத்து வீட்டில் இருக்கும் மனைவிக்கு அனுப்ப வேண்டும் என்று கைப்பேசியை உயர்த்திப் பிடித்தார். மேடை முழுவதும் படத்துக்குள் அடங்கவில்லை. இரண்டு எட்டுப் பின்னால் வைத்தார். அங்கே குழாய்கள் ஏறிப்போவதற்காகத் தளத்தில் விட்டிருந்த திறப்பு ஒன்று, ஒரு துண்டு பிளைவுட்டால் மூடப்பட்டிருந்தது. அதன் மேல் சிமென்ட் தூசி படிந்து, சுற்றியிருந்த தரைக்கும் அதற்கும் நிறத்தில் வேறுபாடே இல்லை. ஆணி அடிக்கவில்லை. குதிகால் பலகையின் ஓரத்தில் பட்டதும் மறுமுனை எழும்பி, பலகை வழுக்கிச் சென்றது. அவருடைய வலது கால் தொடைவரை உள்ளே போய்விட்டது. மகன் பாய்ந்து அக்குளுக்குள் கைகொடுத்துத் தாங்கிக்கொண்டார். கைப்பேசி கீழே போய் மோதிய ஓசை சற்று நேரம் கழித்துத்தான் எங்களுக்குக் கேட்டது. அந்த இடைவெளியில் அறையில் இருந்த யாருமே பேசவில்லை.

கணுக்காலிலிருந்து முழங்கால்வரை தோல் வழன்றுவிட்டது, எலும்பு முறியவில்லை. காயத்தைக் கழுவிக் கட்டும்போது, ‘தளத்தில் திறப்புகள் இருக்கும், கவனம் என்று சொன்னோமே, ஐயா’ என்றேன். அவர் கோபமே இல்லாமல் சொன்னார்: ‘திறப்பு என்று சொன்னீர்கள். திறந்திருந்தால் பார்த்திருப்பேனே, தம்பி. அது மூடியல்லவா இருந்தது?’

அன்று மாலை நான் எழுதிய அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் ‘பார்வையாளரின் கவனக்குறைவு’ என்று குறிப்பிட்டேன். அந்தச் சொற்களை எழுதியதற்காக இன்றும் வருந்துகிறேன். ஆணியடிக்காத பலகைக்குப் பொறுப்பு எங்களுடையது. அதைவிட, பார்வையாளர் செல்லும் வழியைக் காலையில் ஒருமுறை நடந்து பார்த்திருந்தால் அந்தப் பலகை என் காலிலேயே பட்டிருக்கும். நான் நடக்கவில்லை, ஏனென்றால் படக்காட்சி இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது என்ற நிம்மதி எனக்கு இருந்தது.

கேள்வி கேட்ட நண்பருக்கு: பிப்ரவரி 10 அன்று ‘சடங்கு அல்ல’ என்று தொடங்கினேன். அன்று அந்தப் பெரியவருக்கு நாங்கள் செய்தது சடங்குதான்.

2025 பிப்ரவரி 17

‘அப்படியானால் அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு?’ என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். சொல்லப்பட்டதைக் கேட்டார் என்பதற்கு அது ஒரு சான்று, அவ்வளவே. பலகைக்கு ஆணியடிக்கும் கடமையை அது யாருடைய தோளிலிருந்தும் இறக்கி வைப்பதில்லை.

சட்டத்தைப் பற்றியும் கேட்டதால் சொல்கிறேன். 1996ஆம் ஆண்டின் கட்டடம் மற்றும் இதர கட்டுமானத் தொழிலாளர் சட்டமும், அதன் கீழ் வந்த 1998ஆம் ஆண்டு மத்திய விதிகளும், தமிழ்நாட்டின் 2006ஆம் ஆண்டு விதிகளும் தொழிலாளரை மையமாக வைத்து எழுதப்பட்டவை. அது நியாயமே, உயிரைப் பணயம் வைத்து நாள் முழுவதும் அங்கே நிற்பவர்கள் அவர்கள்தாம். ஆனால் வீடு பார்க்க வரும் குடும்பத்தைப் பற்றி அவற்றில் தேடினால் கிடைப்பது குறைவு. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் இந்த இடத்தில் ஓர் அடி முன்னே போகிறது. வேலை வழங்குபவரின் கடமைகளைச் சொல்லும் அதன் 6ஆம் பிரிவில், அவருக்குத் தெரிந்தோ தெரியாமலோ அந்த வளாகத்துக்குள் இருக்கும் நபர்களின் பாதுகாப்புக்கும் அவரே பொறுப்பு என்று இருக்கிறது. தெரியாமல் இருப்பவருக்கும் பொறுப்பு என்பதைக் கவனியுங்கள். இன்றைய தேதியில் அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

2025 மார்ச் 2

குறை மட்டும் சொல்லிக்கொண்டிருக்காமல் எப்படிச் செய்யலாம் என்று எழுதுங்கள் என்கிறார்கள். இப்போது நான் இருக்கும் தளத்தில் நடப்பதை எழுதுகிறேன். இதுவே சிறந்த முறை என்பதற்கில்லை. விழுந்து எழுந்து நாங்கள் வந்து சேர்ந்த இடம் இது.

படக்காட்சியை நிறுத்திவிட்டோம். வாசலுக்கு உள்ளே, மிக்சர் லாரிகள் திரும்பும் இடத்துக்கு எதிர்ப்புறம், ஒரு கரும்பலகை இருக்கிறது. அதில் தளத்தின் வரைபடம் வெள்ளை வண்ணத்தால் நிலையாக வரையப்பட்டிருக்கிறது. அன்றைய நிலவரத்தை மட்டும் காலையில் சாக்பீஸால் எழுதுவோம். இன்று இரண்டாம் கோபுரத்தின் கிழக்குப் பக்கம் கிரேன் கம்பிக்கட்டு தூக்குகிறது. நான்காம் மாடியில் சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் பலகைக் கட்டு) பிரிக்கிறார்கள். வடக்கு வழி மூடப்பட்டிருக்கிறது – இவ்வளவுதான். நேற்று இருந்த ஆபத்து இன்று இருக்காது, இன்று இருப்பது நாளை இடம் மாறிவிடும். எக்காலத்துக்கும் பொருந்தும்படி தயாரித்த படக்காட்சி எந்த நாளுக்கும் முழுமையாகப் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

பலகைக்கு முன்னால் நின்றபடியே, வந்தவருடைய மொழியில், ஏழு நிமிடம் பேசுவோம். எந்த வழியாகப் போகிறோம், யார் முன்னால் நடப்பார், சைரன் ஒலித்தால் எங்கே வந்து நிற்க வேண்டும், தரையில் எந்தப் பலகையையும் மிதிக்கவோ நகர்த்தவோ கூடாது, படம் எடுப்பதென்றால் நின்ற இடத்திலேயே நின்று எடுக்க வேண்டும். இந்தக் கடைசி விதியைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் அந்தப் பெரியவர் நினைவுக்கு வருகிறார்.

பிறகு நாங்கள் கேட்போம். ‘அம்மா, இப்போது சைரன் ஒலித்தால் எந்தப் பக்கம் போவீர்கள்?’ அவர் கையை நீட்டிக் காட்ட வேண்டும். தெரியும் என்று தலையாட்டினால் போதாது. கை நீள வேண்டும். பத்துப் பேரில் மூவர் நாங்கள் சொன்னதற்கு எதிர்த்திசையைக் காட்டுவார்கள். பலகையில் வரைந்த வடக்கும் அவர்கள் நிற்கும் இடத்து வடக்கும் அவர்களுக்குப் பொருந்துவதில்லை. அது அவர்கள் குற்றமல்ல என்று புரிந்த பிறகு, பலகையையே திருப்பி, வரைபடத்தின் மேல்பக்கமும் அவர்கள் பார்க்கும் திசையும் ஒன்றாக இருக்கும்படி நட்டோம். அதற்குப் பிறகு தவறாகக் காட்டுபவர்கள் அரிது.

மொழியைப் பற்றி இன்னொன்று. நம் தளங்களில் கிரேனுக்குக் கீழே நின்று வழிகாட்டுபவர்களில் பலர் பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்து வந்தவர்கள். பதற்றத்தில் மனிதர் தமக்குப் பழகிய மொழியில்தான் கத்துவார். ‘ஹட்டோ, ஹட்டோ’ என்ற குரல் கேட்டு, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து நின்ற இடத்திலேயே நின்ற அம்மாளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே அந்த ஒரு சொல்லைச் சொல்லித் தருகிறோம்: ‘ஹட்டோ’ என்றால் ‘விலகு’. அதேபோல் அந்தத் தொழிலாளர்களுக்கு ‘ஓரம் போங்க’ என்பதைக் காலைக் கூட்டத்தில் சொல்லிப் பழக்குகிறோம். இரு பக்கமும் ஒரு சொல் கற்றால் போதும்.

இளம் வயதில் சில ஆண்டுகள் சிங்கப்பூரில் வேலை செய்தேன். அங்கே தளத்தின் வேலியில் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என நான்கு மொழிகளிலும் அபாய அறிவிப்பு தொங்கும். வேலைக்குச் சேரும் முன் கட்டாயமாக இருந்த பாதுகாப்புப் பயிற்சியையும் தமிழிலேயே பெற முடிந்தது. ஊரைவிட்டு எங்கோ போன இடத்தில் என் மொழியில் என் உயிரைப் பற்றிப் பேசினார்கள். இங்கே, சென்னையில், உங்கள் தாயாருக்கு அது கிடைக்கவில்லை.

2025 மார்ச் 9

தலைக்கவசம் பற்றிய கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில்.

மோட்டார் சைக்கிளில் வந்தவர், ‘இதைவிட உறுதியானது என் கையில் இருக்கிறது’ என்று தமது வண்டித் தலைக்கவசத்தையே போட்டுக்கொண்டு உள்ளே வர விரும்புவது அடிக்கடி நடக்கிறது. இரண்டும் வேறு வேலைக்கானவை. வண்டிக்கானதற்கு இந்தியத் தர எண் ஐ.எஸ். 4151, தொழிலிடத்துக்கானதற்கு ஐ.எஸ். 2925. வண்டித் தலைக்கவசம் காதை மூடுகிறது, பக்கப் பார்வையைக் குறைக்கிறது. குரலையும் லாரியின் ஒலியையும் நம்பி நடக்க வேண்டிய இடத்தில் காதை மூடிக்கொண்டு போவது தீங்கு.

தளத்தில் கொடுக்கும் தலைக்கவசத்தின் ஓட்டுக்கும் தலைக்கும் நடுவே உள்ள பட்டைகள்தாம் அடியை வாங்கிப் பரப்புகின்றன. அந்த இடைவெளிக்குள் கைக்குட்டையையோ கைப்பேசியையோ செருகி வைத்தால் அடி நேரே மண்டையில் இறங்கும். கொண்டை போட்டவர்கள் கொண்டையைத் தாழ்த்திக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். இதைக் கூச்சமில்லாமல் சொல்வதற்கு வாசலில் ஒரு பெண் ஊழியர் இருப்பது நல்லது. தாடைப் பட்டையை மாட்டாமல் குனிந்தால் கவசம் கழன்று விழும். மேலே நிற்பவருடைய கவசம் கீழே நிற்பவர் தலையில் விழுந்ததும் உண்டு.

பலர் அணிந்த கவசத்தை அணிய மனம் ஒப்பவில்லை என்று ஒரு பெண்மணி எழுதியிருந்தார். அது நியாயமான அருவருப்பு. உள்ளே அணிய மெல்லிய துணித் தொப்பி கொடுக்கிறோம். கவசங்களை வாரம் ஒருமுறை சோப்பு நீரில் கழுவுகிறோம். வியர்வை நாறும் கவசத்தைக் கொடுத்தால் எவரும் அதை நெற்றிக்கு மேலே ஏற்றி, பெயருக்குத்தான் வைத்துக்கொள்வார்.

2025 ஏப்ரல் 13

சொந்த வீடு கட்டுபவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘நிலை வைக்க நாள் குறித்திருக்கிறோம். உறவினர் முப்பது பேர் வருவார்கள். எங்கள் தளத்தில் பாதுகாப்பு அலுவலர் எல்லாம் இல்லை, மேஸ்திரி மட்டும்தான். என்ன செய்வது?’

மேஸ்திரி போதும். பெரிய தளங்களுக்குத்தான் விதிகள் தனியே பாதுகாப்பு அலுவலரைக் கேட்கின்றன. ஆனால் உங்கள் வீட்டின் ஒவ்வொரு ஆணியும் எங்கே கிடக்கிறது என்பது உங்கள் மேஸ்திரிக்குத் தெரியும். பூசைக்கு முந்தைய நாள் மாலை அவரோடு அரைமணி நேரம் தளத்தைச் சுற்றி வாருங்கள்.

முதலில் தண்ணீர்த் தொட்டி. நிலத்தடியில் கட்டிய சம்ப் மூடியில்லாமல், நீராற்றுவதற்கு (கட்டியதை ஈரமாக வைத்து இறுக விடுவதற்கு) நிரப்பிய தண்ணீரோடு கிடக்கும். பெரியவர்கள் தேங்காய் உடைக்கும் நேரத்தில் குழந்தை அங்கே போய் நிற்கும். மூடுங்கள், மூடியின் மேல் ஒருவர் தூக்க முடியாத சுமையை வையுங்கள். தண்ணீர் இல்லாமல் மூடிக் கிடக்கும் புதுத் தொட்டி இன்னும் வஞ்சகமானது. உள்ளே விட்ட சென்ட்ரிங் பலகை ஈரத்தில் ஊறி அழுகும்போது உயிர்க்காற்றைத் தின்றுவிடும். பார்க்கலாமே என்று இறங்கியவர் மயங்கி விழுவதும், அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவதும் நம் ஊர்களில் திரும்பத் திரும்ப நடக்கிறது. விழுந்த பொருள் எதுவாக இருந்தாலும், அதை எடுக்க அந்தத் தொட்டிக்குள் யாரும் இறங்கக் கூடாது என்று வந்தவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அடுத்து ஆணி. சென்ட்ரிங் பிரித்த பலகைகள் ஆணி மேல்நோக்கி நிற்கக் குவிந்து கிடக்கும். பூசைக்கு வருபவர்கள் செருப்பைக் கழற்றுவார்கள். நிலைவாசலுக்கு முன் மட்டும் நன்றாகப் பெருக்கிப் பாய் விரித்து, அங்கே வெறுங்காலோடு நிற்கட்டும். மற்ற இடங்களுக்குச் செருப்பில்லாமல் போக வேண்டாம். குத்திவிட்டால் கழுவிவிட்டு அன்றே டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசிக்குப் போக வேண்டும்.

ஈரக் கலவையைக் குழந்தைகள் மண்ணைப்போல் அளைவார்கள். சிமென்ட் ஈரமாக இருக்கும்போது கடும் காரத்தன்மை உடையது. தோலைப் புண்ணாக்கிவிடும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு. பட்டவுடன் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கூரைக் கான்கிரீட் போடும் நாளில் இனிப்பு கொடுக்க வந்த உறவினர் யாரும் அந்தக் கூரைக்குக் கீழே, முட்டுகளுக்கு நடுவே நிற்க வேண்டாம். இதற்கு மட்டும் எந்தத் தாட்சண்யமும் கூடாது.

2025 மே 18

அக்னி நட்சத்திரம். நேற்று ஒரு தம்பதியர் பதினொன்றாவது மாடிக்கு ஏறினார்கள். எட்டாவது மாடியில் அந்த ஐயாவுக்கு மூச்சு வாங்கியது, முகம் வெளுத்துவிட்டது. நிழலில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மெல்ல இறக்கிவிட்டோம். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு முன்தான் நெஞ்சுவலிக்குச் சிகிச்சை பெற்றவர் என்பது கீழே இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

மார்ச் 2 குறிப்பில் நான் எழுதிய ஏழு நிமிடத்தில் இது இல்லை. எல்லார் முன்னிலையிலும் ‘உங்களுக்கு இதய நோய் உண்டா?’ என்று கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள், சொல்லவும் வேண்டியதில்லை. இப்போது மாற்றிக் கேட்கிறோம்: ‘இன்று வெயில் கடுமை, கைப்பிடி இல்லாத படியில் பதினொரு மாடி ஏற வேண்டும். கீழே மின்விசிறி உள்ள அறையில் இருந்துகொண்டு கைப்பேசி வழியே பார்க்கவும் ஏற்பாடு உண்டு. எது உங்களுக்கு வசதி?’ காரணம் கேட்பதில்லை. காலையில் கேட்டபோது இருவர் அறையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சாமான் ஏற்றும் ஹாய்ஸ்டில் ஏறிப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது செங்கல்லுக்கும் மூட்டைக்குமானது. ஆட்களுக்கென்று அமைத்த ஹாய்ஸ்டில் மட்டுமே ஆள் ஏறலாம்.

2025 ஜூன் 28

பதினொரு ஆண்டுகளுக்கு முன் இதே நாளில், 2014இல், மௌலிவாக்கத்தில் கட்டி முடியும் நிலையில் இருந்த பதினொரு மாடிக் கட்டடம் மழை மாலையில் இடிந்து விழுந்தது. 61 பேர் இறந்தார்கள். நாள்கணக்கில் இடிபாடுகளை அகற்றி உயிரோடு இருப்பவர்களைத் தேடினார்கள்.

எந்த விளக்கமும் அந்த மனிதர்களைக் காப்பாற்றியிருக்காது; கட்டடமே நிற்கவில்லை. வேறொரு காரணத்துக்காக இதைச் சொல்கிறேன். அன்று உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கணக்கு தெளிவாக இல்லை. தோண்டுகிறவருக்கு முதலில் தேவைப்படுவது அந்த எண்தான். இன்னும் எத்தனை பேருக்காகத் தோண்ட வேண்டும்? வாசலில் உங்கள் பெயரையும் நேரத்தையும் எழுதி வாங்குவதை எரிச்சலோடு பார்ப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன். அந்தப் படிவத்தில் உள்ள மற்ற வரிகள் எப்படியோ போகட்டும். உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் உங்களுக்காகவே எழுதப்படுகின்றன. திரும்பும்போது எழுதாமல் போய்விடாதீர்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போது உங்களைத் தேடி ஒருவர் ஆபத்துக்குள் இறங்கக்கூடும்.

2025 ஆகஸ்ட் 3

முதல் கேள்வியைக் கேட்ட நண்பர் மீண்டும் எழுதியிருக்கிறார்: குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

கூடாது என்று ஒரு வரியில் முடித்திருப்பேன்; முன்பு அப்படித்தான் சொல்லிவந்தோம். பிறகு ஒரு நாள் தளத்துக்கு வெளியே, கண்ணாடி ஏற்றிய காருக்குள் நான்கு வயதுக் குழந்தையைத் தூங்க விட்டுவிட்டுப் பெற்றோர் மேலே ஏறியது தெரிந்தது. ஓட்டுநர் ஒருவர் பார்த்து எங்களிடம் வந்து சொன்னார். நாங்கள் போட்ட தடைதான் அந்தக் குழந்தையை வெயிலில் நின்ற காருக்குள் தள்ளியது. இப்போதும் உள்ளே அனுமதி இல்லை. ஆனால் வாசல் அறையில் பாயும், தண்ணீரும், பொறுப்பான ஓர் ஆளும் உண்டு. நேரம் பதிவு செய்யும்போதே ‘குழந்தைகள் வந்திருக்கிறார்களா?’ என்று கேட்கிறோம்.

2025 நவம்பர் 26

பிப்ரவரி 17 குறிப்புக்குத் திருத்தம். நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் இம்மாதம் 21 முதல் நடைமுறைக்கு வருவதாக மத்திய அரசு அறிவித்துவிட்டது. நான் குறிப்பிட்ட 6ஆம் பிரிவு உள்ள சட்டமும் அவற்றுள் ஒன்று. ‘தெரிந்தோ தெரியாமலோ’ என்ற சொற்களை எங்கள் தள மேலாளரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: ‘தெரியாமல் உள்ளே இருப்பவர் என்று நம்மிடம் யார் இருக்கிறார்கள்?’ எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

2025 டிசம்பர் 14

பதில் கிடைத்துவிட்டது. சென்ற வாரம் முன்னறிவிப்பின்றிச் சைரன் ஒலிக்கவிட்டு வெளியேற்ற ஒத்திகை நடத்தினோம். தொழிலாளர் கணக்கு நான்கு நிமிடத்தில் சரியாக வந்தது. பார்வையாளர் பதிவேட்டில் ஏழு பேர். ஏழு பேரும் ஒன்றுகூடும் இடத்தில் நின்றார்கள். திருப்தியோடு பதிவேட்டை மூடிய நேரத்தில், டைல்ஸ் இறக்க வந்த லாரி ஒன்று கிடங்குக்குப் பின்னால் நிற்பதைக் காவலாளி காட்டினார். போய்ப் பார்த்தால், திருச்சியிலிருந்து இரவெல்லாம் ஓட்டி வந்த ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் போர்த்திக்கொண்டு தூங்குகிறார். சைரன் அவரை எழுப்பவில்லை. வண்டியின் எண் பதிவேட்டில் இருந்தது. அவர் பெயர் எங்கும் இல்லை. எந்த விளக்கமும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை, ஏனென்றால் அவரை யாரும் பார்வையாளராக எண்ணவே இல்லை.

மறுநாளிலிருந்து வாசலில் ஆணிப்பலகை ஒன்று தொங்குகிறது. தொழிலாளர் அல்லாத எவர் உள்ளே வந்தாலும், லாரி ஓட்டுநர், தண்ணீர் வண்டிக்காரர், தேநீர் கொண்டுவரும் சிறுவனின் அண்ணன், வங்கியின் மதிப்பீட்டாளர் என யாராக இருந்தாலும், அதன் ஆணியில் தொங்கும் எண் பொறித்த சிவப்பு வில்லை ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கரும்பலகைக்கு முன் நின்று கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வெறுமையாக நிற்கும் ஆணிகளை எண்ணினால் உள்ளே இருப்பவர்களின் கணக்கு. ஓட்டுநர்கள் படுப்பதற்கு வாசல் அறையை ஒட்டி இரண்டு கட்டில்களும் போட்டிருக்கிறோம். நேற்று மாலை ஆறு மணிக்கு ஓர் ஆணி வெறுமையாக இருந்தது, தேடிப் போனோம். மின்தூக்கி நிறுவனத்தின் அளவெடுப்பவர், வில்லையைக் கழற்ற மறந்து தாம்பரம்வரை போய்விட்டிருந்தார். தொலைபேசியில் அழைத்து அவர் குரலைக் கேட்ட பிறகுதான் விளக்கை அணைத்தோம்.